பாவம், மரம்

பள்ளத்தூர், கோட்டையூர், புதுவயலில் இரண்டு தெரு.
இரண்டு மாதத்துக்கு ஒருமுறை
மீட்டர் கணக்கெடுப்பது என் வேலை.
பூட்டிக் கிடக்கும் வளவுகளில்
எண் அசைந்திருக்காது.
"போன தடவை மாதிரிதான், எழுதிக்கங்க" என்பார்
முகப்பில் படுத்திருக்கும் காவல்காரர்.
ஆனாலும் குனிந்து பார்ப்பேன்.
பார்க்காமல் எழுதினால் அது பொய்க் கணக்கு.

இதை யோபு தங்கையாவிடம் சொல்லியிருக்கலாம்.
சபைச் செயலர். நல்ல மனிதர்.
என் மகள் டெங்குவில் கிடந்தபோது
ஆஸ்பத்திரி வாசலில் விடிய விடிய நின்றவர்.
என் ஸ்கூட்டர் பெட்டியில்
கடவுள் இல்லை என்கிற பழைய சிறுநூல் ஒன்றையும்
சிவனடியார் கதைகளையும் பார்த்துவிட்டுக்
குரலைத் தாழ்த்திக் கேட்டார்:
"கிணறு நம்ம வீட்டுலயே இருக்கும்மா.
ஊருணித் தண்ணி எதுக்கு?"
அவர் சாயர்புரம் பக்கம்.
எங்கள் தெருவில் கிணறு உப்பு,
குடிக்க எப்போதும் ஊருணிதான்.
உவமையைக் கெடுப்பானேன் என்று பேசாமல் இருந்தேன்.

காரைக்குடியில் பழைய சாமான் கடை ஜியாவுதீனிடம்
தூணுக்கு ஒரு விலை, பீங்கானுக்கு ஒரு விலை,
புத்தகம் மட்டும் எடைக்கு.
ரங்கூன் பேரேடு, நாட்டு வைத்தியம்,
கடைசிப் பக்கம் கிழிந்த துப்பறியும் கதை
எல்லாம் ஒரே கிலோ.
அந்த நீதி எனக்குப் பிடிக்கும்.

அந்தக் குவியலில்தான்
உள்ளங்கை அகலத்தில் எங்கள் சுவிசேஷம்.
சந்தையில் காலணாவுக்கு விற்றிருப்பார்கள்.
முதல் பக்கத்தில் ஊதா மையில்
வீ. சா. சிகப்பி.
மடிப்புகளில் இன்னும் கொஞ்சம் திருநீறு.
எனக்கு முதலில் வந்தது வெட்கம்.
நான் இல்லாத நேரம் யாரோ
என் அடுப்படிவரை வந்துபோனதுபோல.

விதைக்கிறவன் பக்கத்தில் ஒன்றும் எழுதவில்லை.
பிசாசுகள் புகுந்து பன்றிகள் கடலில் பாய்ந்த இடத்தில்
பென்சிலால், வட்டிக்கடை வீட்டுப் பெண்ணின் கேள்வி:
"நஷ்டம் யார் பற்று?"
சிரித்துவிட்டேன்.
அப்புறம்,
பசியோடு வந்தவர் அத்திமரத்தைச் சபித்த இடத்தில்
இரண்டே சொல்:
"பாவம், மரம்."

காய்க்கும் பருவம் இல்லை என்று அங்கேயே இருக்கிறது.
முப்பத்தொரு வருடமாக வாசிக்கிறேன்.
ஞாயிறு பள்ளிக்கு அட்டையில் மரம் வரைந்து
பச்சை இலைமேல் பழுப்பு இலை ஒட்டியிருக்கிறேன்.
பாவம் என்ற சொல்லை
என்னைவிட அதிகம் சொன்னவர்கள்
இந்தச் சேகரத்தில் குறைவு.
அதற்கு இப்படி ஒரு பொருள் உண்டென்று
அந்தப் பக்கத்தில் எனக்குத் தோன்றியதே இல்லை.
குனியவில்லை.
போன தடவை எண்ணையே எழுதி வந்திருக்கிறேன்.

அடுத்த ஞாயிறு பிள்ளைகளிடம் கேட்டேன்:
சிகப்பி என்று ஒருவர் கேட்கிறார்,
மரம் என்ன செய்யும்?
"சாமிக்கும் பசிச்சா கோவம் வருமா டீச்சர்?"
என்றான் ஆக்னஸ் மகன்.
தெரியலடா என்றேன்.
அந்த வகுப்பில் அந்த வார்த்தையை
முதல் தடவையாகச் சொன்னேன்.
கூரை விழவில்லை.

கதவருகே நின்றிருந்த யோபு தங்கையா
செருப்பு மாட்டும்போது மெல்லக் கேட்டார்:
"அந்தச் சிகப்பி எந்தச் சபை?"
"ஊருணிப் பக்கம், ஐயா."
கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார்.
"மரத்தைப் பத்தி நானும் யோசிச்சதில்ல" என்றார்,
என்னிடமா, செருப்பிடமா தெரியவில்லை.

இரவு அடியார் கதையைத் திறந்தேன்.
விருந்துக்கு வந்தவர் பிள்ளைக்கறி கேட்க
தகப்பன் அரிய,
கால்களைப் பிடித்துக்கொள்கிறாள் தாய்.
யாரோ ஒரு சிகப்பிக்குக் கடன்பட்டவளாகப்
பென்சில் சீவி ஓரத்தில் எழுதினேன்:
"அவள் கை நடுங்கியிருக்குமே."

எழுதிய பிறகுதான் உறைத்தது.
எங்கள் பக்கத்திலும் ஒருவன்
விடியுமுன் கழுதைக்குச் சேணம் கட்டி,
விறகும் பிளந்து,
மகனைக் கூட்டிக்கொண்டு மலைக்குப் போகிறான்.
வீட்டில் அவளிடம் சொன்னானா?

எடுத்துப் பார்த்தேன்.
எழுதியிருக்கவில்லை.